உபுண்டு 22.04: மூலநிரலிலிருந்து பைத்தான் 3.12 நிறுவியாகிவிட்டது, ஆனால் பிப் ஓடவில்லை

நெல்லைச்சீமை | வியாழன், இரவு 9.40

வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 24 கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்). அதோடு வருவது பைத்தான் 3.10. இந்தப் பருவத்துக்கு 3.12 வேண்டும் என்று பாடம் எடுப்பவர் கேட்கிறார். ஆய்வகக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. என் மேஜையில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் உண்டு. அதில் மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துவிடலாம், அதாவது ஓடும் நிரலாக மாற்றிவிடலாம் என்று இன்று மதியம் உட்கார்ந்தேன்.

செய்தது இதுதான்: தார் ஃபைலை இறக்கினேன், 20 எம்பி போல இருந்தது. பிரித்தேன். கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர், கம்பைல் செய்யும் மேக், அப்புறம் நிர்வாகி அனுமதிக்கான சூடோ போட்டு மேக் இன்ஸ்டால். எந்த இடத்திலும் பிழை என்று நிற்கவில்லை. பைத்தான்3 என்று தட்டினால் 3.12 திறக்கிறது, சின்ன நிரல்கள் ஓடுகின்றன. ஆனால் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) வழியாக எதை நிறுவப் போனாலும், பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை, அதனால் எச்டிடிபிஎஸ் முகவரியோடு இணைய முடியவில்லை என்று வருகிறது.

இதே கணினியில், எஸ்எஸ்எல்லுக்கு அடிப்படையான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் பதிப்பு கேட்டால் 3.0.2 என்று பதில் சொல்கிறது. இருக்கிற பொருளை எப்படி இல்லை என்கிறது? இரண்டு முறை திரும்பச் செய்தும் அதேதான். திங்கட்கிழமை முதல் வகுப்பு.

பழைய_மேக்ஃபைல் | வியாழன், இரவு 10.05

ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது ஓடுவதற்கான பாதி. கம்பைல் செய்வதற்கான பாதி இல்லை.

உபுண்டுவிலும் டெபியனிலும் ஒரு லைப்ரரியை இரண்டு பேக்கேஜாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றில் .எஸ்ஓ என்று முடியும் லைப்ரரி மட்டும் இருக்கும். ஏற்கெனவே கம்பைல் ஆன மென்பொருள்கள் ஓட அது போதும். இன்னொன்றின் பெயர் டெவ் என்று முடியும். ஹெடர் ஃபைல்கள் அதில்தான் இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்பதை சி கம்பைலர் அந்த ஹெடர்களைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லாவிட்டால் கம்பைலரைப் பொறுத்தவரை அந்த லைப்ரரியே இல்லை. ஃபெடோரா, ரெட்ஹாட் பக்கம் போனால் இதே பேக்கேஜ்கள் டெவெல் என்று முடியும்.

பிழை காட்டி நிற்காததற்கும் காரணம் உண்டு. எஸ்எஸ்எல் மாதிரி மாட்யூல்கள் பைத்தானுக்குக் கட்டாயம் இல்லை. கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். ஆனால் விட்டதைச் சொல்லிவிட்டுத்தான் போகும். மேக் முடியும் இடத்தில், கடைசி வரிகளுக்குச் சற்று மேலே, தேவையான பொருள் கிடைக்காததால் இந்த மாட்யூல்களைக் கட்டவில்லை என்று ஒரு பட்டியல் வரும். அதைப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. கான்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸ் (எந்த ஃபோல்டரில் நிறுவ வேண்டும் என்பது) ஏதாவது கொடுத்தீர்களா, சும்மா ஓடவிட்டீர்களா?

நெல்லைச்சீமை | வியாழன், இரவு 10.31

அண்ணா, சும்மாதான் ஓடவிட்டேன்.

மறுபடி மேக் ஓட்டி மேலே தள்ளிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன பட்டியல் இருக்கிறது. எஸ்எஸ்எல், ஹேஷ்லிப், சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3, பிஇஸட்2, எல்இஸட்எம்ஏ, ரீட்லைன், கர்சஸ், டிகேஇன்டர், யூயூஐடி, டிபிஎம், ஜிடிபிஎம், என்ஐஎஸ். இத்தனை வரிகள் ஓடும்போது கடைசியில் இப்படி ஒன்று நிற்கிறது என்று கவனிக்கவே இல்லை. இதில் தரவுத்தளத்துக்கான எஸ்க்யூலைட் எங்கள் பாடத்தில் இருக்கிறது. பிப் பிரச்சினை வராமல் போயிருந்தால் நேராக வகுப்பில்தான் தெரிந்திருக்கும்.

பழைய_மேக்ஃபைல் | வியாழன், இரவு 10.58

சரி, ஒவ்வொன்றாக. எஸ்எஸ்எல், ஹேஷ்லிப் இரண்டுக்கும் லிப்எஸ்எஸ்எல்-டெவ். சிடைப்ஸுக்கு லிப்எஃப்எஃப்ஐ-டெவ்; இது விடுபட்டால் இறக்குமதி செய்யும் ஏதோ ஒரு பேக்கேஜ் நடுவில் விழும், காரணம் சட்டென்று புரியாது. எஸ்க்யூலைட்டுக்கு லிப்எஸ்க்யூலைட்3-டெவ். பிஇஸட்2, எல்இஸட்எம்ஏ இரண்டும் சுருக்கிய ஃபைல்களைத் திறக்க. பேக்கேஜ்கள் லிப்பிஇஸட்2-டெவ், லிப்எல்இஸட்எம்ஏ-டெவ். ரீட்லைனுக்கு லிப்ரீட்லைன்-டெவ். அது இல்லாவிட்டால் பைத்தான் திரையில் மேல் அம்பு அழுத்தும்போது முந்தைய வரி வராது, விசித்திரமான எழுத்துகள் வரும். மாணவர்கள் முதல் நாளே கேட்பார்கள். கர்சஸுக்கு லிப்என்கர்சஸ்-டெவ், சாளரங்கள் வரையும் டிகேஇன்டருக்கு டிகே-டெவ், யூயூஐடிக்கு யூயூஐடி-டெவ், ஜிடிபிஎம்முக்கு லிப்ஜிடிபிஎம்-டெவ், டிபிஎம்முக்கு லிப்ஜிடிபிஎம்-கம்பாட்-டெவ். பேக்கேஜ்கான்ஃபிக் கருவியும் இருக்கட்டும், இவற்றில் பலவற்றை அதை வைத்துத்தான் கான்ஃபிகர் தேடுகிறது.

ஸெட்லிப் பட்டியலில் இல்லை, அதனால் அதன் டெவ் பேக்கேஜ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவர்களுக்கு மேக் இன்ஸ்டாலின் கடைசிக் கட்டத்தில், பிப் நிறுவும்போது, ஸெட்லிப் இல்லை என்று நின்றுவிடும்.

முக்கியமானது: இவற்றை நிறுவிவிட்டு வெறும் மேக் மட்டும் ஓட்டினால் ஒன்றும் மாறாது. எது இருக்கிறது, எது இல்லை என்று கான்ஃபிகர் ஒருமுறை பார்த்து எழுதி வைத்துவிட்டது. மேக் அந்தக் குறிப்பை நம்பித்தான் வேலை செய்யும். எனவே மேக் டிஸ்ட்க்ளீன் கொடுத்து, கான்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டுங்கள். நீங்கள் இரண்டு முறை செய்தும் அதே விடை வந்திருக்கிறது இல்லையா? முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் எந்த டெவ் பேக்கேஜும் வரவில்லை, அதனால்தான்.

வைகை_வடகரை | வெள்ளி, காலை 7.20

மேலே சொன்னவை எல்லாம் சரி. கூடவே ஒன்று செய்துவிடுங்கள். யூஎஸ்ஆர் பின் ஃபோல்டரில் உள்ள பைத்தான்3 இணைப்பை (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) 3.12 பக்கம் திருப்பிவிட்டால் எல்லா மென்பொருளும் புதியதையே எடுக்கும். என் கணினியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எந்தச் சிக்கலும் வரவில்லை.

மூன்றாம்_முனையம் | வெள்ளி, காலை 8.45

நெல்லைச்சீமை, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆய்வகத்தில் கூடாது. யூஎஸ்ஆர் பின்னில் இருக்கும் பைத்தான்3 உபுண்டுவுக்குச் சொந்தம், நமக்கில்லை.

நெல்லைச்சீமை | வெள்ளி, காலை 10.12

பதற்றமாக இருக்கிறது. காலையில் வந்ததும் வைகை_வடகரை சொன்னதை மட்டும் பார்த்துவிட்டு ஆய்வகத்தின் 7-ஆம் கணினியில் செய்துவிட்டேன். 3.12-ஐ அதில் கொண்டுபோய் வைத்து, இணைப்பையும் திருப்பினேன். இப்போது டெர்மினல் திறக்கவில்லை. ஐகானைச் சொடுக்கினால் ஒரு நொடி சுற்றிவிட்டு மறைந்துவிடுகிறது. டெர்மினல் இல்லாமல் எதைத் திருத்துவது? மொபைலில் இருந்து எழுதுகிறேன்.

மூன்றாம்_முனையம் | வெள்ளி, காலை 10.19

பயப்பட வேண்டாம், இரண்டு நிமிட வேலை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உள்ளே போய், யூஎஸ்ஆர் பின்னில் பைத்தான்3 என்ற இணைப்பை மறுபடி பைத்தான்3.10-க்குத் திருப்புங்கள்: சூடோ, எல்என், எஸ்எஃப் என்ற ஆப்ஷன். அப்புறம் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரை வரும். அதில் வராவிட்டால் எஃப்1.

நெல்லைச்சீமை | வெள்ளி, காலை 10.33

வந்துவிட்டது. டெர்மினல் திறக்கிறது. மிகவும் நன்றி. ஆனால் டெர்மினலுக்கும் பைத்தானுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றாம்_முனையம் | வெள்ளி, காலை 11.02

உபுண்டு 22.04-இல் ஜினோம்-டெர்மினல் என்ற கட்டளையே ஒரு சின்ன பைத்தான் நிரல்தான். ஒரு எடிட்டரில் திறந்து பாருங்கள், முதல் வரியில் யூஎஸ்ஆர் பின் பைத்தான்3 என்று இருக்கும். அடுத்து ஜிஐ என்ற மாட்யூலை இறக்குமதி செய்யும். அந்த மாட்யூலின் ஒரு பகுதி சி மொழியில் எழுதி 3.10-க்கென்று கம்பைல் செய்யப்பட்டது. 3.12 வந்து அதைத் தேடினால் கிடைக்காது, நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

மென்பொருள் நிறுவும் ஏபிடி பக்கமும் இப்படித்தான். யூஎஸ்ஆர், லிப், பைத்தான்3, டிஸ்ட்-பேக்கேஜஸ் என்ற ஃபோல்டருக்குள் போய் ஏபிடி_பிகேஜி என்று தொடங்கும் ஃபைலின் முழுப் பெயரைப் பாருங்கள். நடுவில் சிபைத்தான்-310 என்று எழுதியிருக்கும். எந்தப் பதிப்புக்கு என்று பெயரிலேயே இருக்கிறது. கட்டளை கிடைக்காதபோது எதை நிறுவ வேண்டும் என்று உபுண்டு ஒரு யோசனை சொல்லுமே, அது உட்பட எத்தனையோ கருவிகள் இதே 3.10-ஐ நம்பி நிற்கின்றன.

வைகை_வடகரை | வெள்ளி, மதியம் 1.15

நெல்லைச்சீமை, என்னை மன்னித்துவிடுங்கள். நான் வேறு டெர்மினல் மென்பொருள் வைத்திருப்பதால் எனக்கு இது தெரியவே வரவில்லை. இப்போது என் கணினியில் ஏபிடி_பிகேஜியை இறக்குமதி செய்து பார்த்தேன், எனக்கும் கிடைக்கவில்லை. நானும் இணைப்பைத் திருப்பி வைத்துவிட்டேன்.

பழைய_மேக்ஃபைல் | வெள்ளி, இரவு 8.30

நேற்று ப்ரிஃபிக்ஸ் பற்றிக் கேட்டேனே, அதுவும் இதோடு தொடர்புடையதுதான். ஒன்றும் சொல்லாமல் கான்ஃபிகர் ஓட்டினால் யூஎஸ்ஆர் லோக்கல் என்று எடுத்துக்கொள்ளும். மேக் இன்ஸ்டால் அங்கே பின் ஃபோல்டரில் பைத்தான்3 என்ற பெயரிலும் ஒன்றை வைக்கும். கட்டளைகளைத் தேடும் பாத் வரிசையில் யூஎஸ்ஆர் லோக்கல் முன்னால் வருவதால், முதல் வரியில் முழுப் பாதை எழுதாமல் பைத்தான்3 என்று மட்டும் தேடும் நிரல்கள் எல்லாம் 3.12-இல் போய் விழும். கணினியின் சொந்த பைத்தானை அது அழிக்கவில்லை, ஆனால் மறைத்துவிடுகிறது.

இதற்கு மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கிறது. அது பைத்தான்3.12, பிப்3.12 என்று எண்ணோடு கூடிய பெயர்களை மட்டும் வைக்கும். பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது.

இன்னும் ஒரு படி மேலே போங்கள்: ப்ரிஃபிக்ஸாக ஆப்ட் ஃபோல்டருக்குள் பைத்தான்-3.12 என்று தனி இடம் கொடுங்கள். பைத்தான் மூலநிரலில் மேக் அன்இன்ஸ்டால் கிடையாது. யூஎஸ்ஆர் லோக்கலில் கலந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு ஃபைலாகத் தேடி எடுக்க வேண்டும். தனி ஃபோல்டர் என்றால் அதை அழித்தால் முடிந்தது.

உங்கள் மேஜைக் கணினியில் இப்போது அந்தத் தேடும் வேலை இருக்கிறது. யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் பைத்தான்3, பைத்தான்3.12, இரண்டின் கான்ஃபிக் ஃபைல்கள், பிப்3, பிப்3.12, ஐடில்3, பைடாக்3, 2டு3 இவற்றையும் எண்ணோடு வரும் இவற்றின் ஜோடிகளையும் நீக்குங்கள். லிப்பில் பைத்தான்3.12 ஃபோல்டர், லிப்பைத்தான்3.12 என்று தொடங்கும் ஃபைல், இன்க்ளூடில் பைத்தான்3.12 ஃபோல்டர். அதே லிப்பில் பைத்தான்3.10 என்றும் ஒரு ஃபோல்டர் இருக்கலாம். அதில் கை வைக்காதீர்கள், அது உபுண்டுவின் பைத்தானுக்காக நிறுவியவை இருக்கும் இடம்.

நீக்கியபின் பைத்தான்3 என்று தட்டினால் யூஎஸ்ஆர் லோக்கலில் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று சொல்லும். டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் பாஷ் பழைய பாதையை ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஹேஷ், மைனஸ் ஆர் கொடுங்கள், மறந்துவிடும்.

அடையாறு_ஆலமரம் | வெள்ளி, இரவு 9.10

நடுவில் ஒரு கேள்வி. இவ்வளவு பாடு எதற்கு? யூவி என்ற கருவி கட்டிமுடித்த பைத்தானையே இறக்கித் தருகிறதே. பல பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ள பைஎன்வ் இருக்கிறது. உபுண்டுவுக்கென்று வேறு பைத்தான் பதிப்புகளைத் தரும் டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ (கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம்) இருக்கிறது.

பழைய_மேக்ஃபைல் | வெள்ளி, இரவு 9.44

நியாயமான கேள்வி. பைஎன்வ் பொதுவாக உள்ளுக்குள் இதே மூலநிரலை இறக்கி இதே கான்ஃபிகரையும் மேக்கையும்தான் ஓட்டுகிறது. டெவ் பேக்கேஜ்கள் இல்லாவிட்டால் அங்கேயும் இதே பள்ளம்தான். பிபிஏ நல்லது, ஆனால் இணையம் இல்லாத 24 கணினிகளுக்கு அதன் டெப் ஃபைல்களைச் சார்புகளோடு திரட்டிக் கொண்டுபோக வேண்டும். யூவி தரும் பைத்தான் நன்றாகவே ஓடுகிறது. ஒரே கணினியில் அவசரமாக வேண்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே அவர் பாதி வழி வந்துவிட்டார், ஒரே மாதிரியான 24 கணினிகள் இருக்கின்றன. ஒருமுறை ஒழுங்காகக் கட்டினால் போதும், ஆப்ட்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்கலாம்.

தனிக்காட்டு_சர்வர் | சனி, காலை 6.50

ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் மாட்டிக்கொள்பவர்களுக்காக என் அனுபவத்தையும் எழுதி வைக்கிறேன். நான் வேலை செய்த இடத்தில் ஒரு சென்ட்ஓஎஸ் 7 சர்வர். அந்தப் பதிப்புக்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஆனாலும் அதில் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. பைத்தான் 3.11 வேண்டும். மற்ற டெவெல் பேக்கேஜ்கள் எல்லாம் இருந்தன, எஸ்எஸ்எல் மட்டும் வரவில்லை. ஏனென்றால் அதில் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2, பைத்தான் 3.10 முதல் குறைந்தது 1.1.1 வேண்டும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ என் ஹோம் ஃபோல்டரில் கட்டப் பார்த்தேன். அது பெர்லில் ஐபிசி சிஎம்டி என்ற மாட்யூலைக் கேட்டது. அங்கே அது இல்லை, நிறுவ அனுமதியும் இல்லை. 1.1.1-க்கு அது தேவைப்படவில்லை, கட்டிவிட்டேன். அதற்கும் ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதால் வெளியுலகத்துக்குத் திறந்திருக்கும் சர்வரில் இதைச் செய்ய வேண்டாம். நிறுவும்போது மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ கொடுத்தால் மேன் பக்கங்களை விட்டுவிடும், நேரம் மிச்சம்.

பிறகு பைத்தானின் கான்ஃபிகருக்கு வித்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஆப்ஷனில் அந்த ஃபோல்டரைக் காட்டினேன். கூடவே வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத் என்பதற்கு ஆட்டோ என்று கொடுத்தேன். இந்த இரண்டாவது இல்லாவிட்டால் கட்டும்போது லைப்ரரி கிடைக்கும், ஓடும்போது கிடைக்காது.

எஸ்எஸ்எல் இறக்குமதி ஆனது. சந்தோஷப்பட்டு ஒரு பைத்தான் நிரலிலிருந்து எச்டிடிபிஎஸ் முகவரியைத் திறந்தால் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்றது. பாதி நாள் போனது இதில்தான். நான் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல், நம்பகமான சான்றிதழ்களைத் தன் சொந்த ஃபோல்டரில் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்டிர் என்ற ஆப்ஷனை ஈடிசி, பிகேஐ, டிஎல்எஸ் ஃபோல்டருக்குக் காட்டி மறுபடி கட்டினேன், சரியானது. டெபியன், உபுண்டு என்றால் ஈடிசி எஸ்எஸ்எல்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐக் கட்ட முடிகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். 64 பிட் லினக்ஸில் அது லைப்ரரியை லிப்64 ஃபோல்டரில் வைக்கும், பைத்தான் லிப்பில் தேடும். லிப்டிர் என்பதற்கு லிப் என்று கொடுத்துவிட்டால் போதும்.

நெல்லைச்சீமை | சனி, மதியம் 12.20

டெவ் பேக்கேஜ்கள் போட்டு, டிஸ்ட்க்ளீன் செய்து, ஆப்ட்டில் ப்ரிஃபிக்ஸ் கொடுத்து ஓட்டினேன். இந்த முறை மேக் முடிந்ததும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்த்தேன். என்ஐஎஸ் மட்டும் மீதி இருக்கிறது. அது வேண்டுமா?

எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் ஆப்ஷனையும் கொடுக்கச் சொல்லிக் கான்ஃபிகரே கடைசியில் சொல்கிறது. கொடுக்கலாமா?

பழைய_மேக்ஃபைல் | சனி, மதியம் 12.41

என்ஐஎஸ் வேண்டாம். பழைய பயனர் பட்டியல் சேவை அது, 3.13-இல் பைத்தானிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆப்டிமைசேஷன்ஸ் கொடுங்கள். பைத்தானை ஒருமுறை அளவு பார்க்கும் விதத்தில் கட்டி, அதன் சொந்தச் சோதனைகளில் ஒரு பகுதியை ஓட்டி, எந்த வழி அதிகம் பயன்படுகிறது என்று பார்த்து, அதை வைத்து மறுபடி கட்டும். அதனால் நேரம் பல மடங்கு ஆகும். நடுவில் சோதனைகளின் பெயர்கள் ஓடும், ஏதாவது தோல்வி என்று வந்தாலும் கலங்க வேண்டாம், கட்டுவது நிற்காது. மேக்குக்கு ஜே ஆப்ஷனோடு கோர் எண்ணிக்கையைக் கொடுங்கள். எண் இல்லாமல் வெறும் ஜே கொடுத்தால் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் தொடங்கும், குறைந்த மெமரி உள்ள கணினி திணறிவிடும்.

செர்ரிப்பழக்_கணினி | சனி, மதியம் 2.05

ராஸ்பெர்ரி பையில் கட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: முதலில் தேதியைச் சரிபாருங்கள். பை 4 வரை உள்ளே கடிகாரமே கிடையாது. இணையம் இல்லாமல் பூட் ஆனால் நேரம் பின்னால் போய்விடும். எந்த ஃபைல் புதியது என்று நேரத்தை வைத்துத்தான் மேக் முடிவு செய்கிறது. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து அதன் அடிப்படையே அதுதான். நேரம் முன்பின்னாக இருந்தால் கடிகாரம் பொருந்தவில்லை, கட்டியது அரைகுறையாக இருக்கலாம் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் தேதியைத் திருத்தி மேக் க்ளீனிலிருந்து தொடங்குங்கள்.

நெல்லைச்சீமை | ஞாயிறு, மாலை 5.30

கட்டி முடித்து, ஆப்ட்டில் உள்ள ஃபோல்டரைத் தார் செய்து பென்டிரைவில் எடுத்துப்போய் 7-ஆம் கணினியில் அதே இடத்தில் பிரித்தேன். பைத்தான்3.12 ஓடுகிறது. எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட், சிடைப்ஸ் மூன்றும் சரி. ஆனால் டிகேஇன்டர் இறக்குமதி ஆகவில்லை. லிப்டிகே8.6.எஸ்ஓ என்ற ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. என் மேஜைக் கணினியில் ஓடுகிறதே?

மூன்றாம்_முனையம் | ஞாயிறு, மாலை 5.52

முதல் நாள் பிரச்சினையைத் தலைகீழாகப் போட்டால் இதுதான். உங்கள் மேஜைக் கணினியில் டிகே-டெவ் நிறுவியபோது, ஓடுவதற்கான லிப்டிகே8.6-உம் கூடவே வந்துவிட்டது. ஆய்வகக் கணினியில் அது இல்லை. எஸ்எஸ்எல்லும் எஸ்க்யூலைட்டும் உபுண்டு டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே இருப்பவை, அதனால் அவை தப்பித்தன.

வேறு எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஆப்ட்டில் உள்ள உங்கள் ஃபோல்டரில் லிப், பைத்தான்3.12, லிப்-டைன்லோட் என்று போனால் சி மாட்யூல்கள் வரிசையாக இருக்கும். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையை அவற்றின் மேல் ஓட்டி, நாட் ஃபவுண்ட் என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். என்னென்ன வேண்டும் என்று வந்துவிடும். அந்தப் பேக்கேஜ்களின் டெப் ஃபைல்களை இணையம் உள்ள கணினியில் ஏபிடி டவுன்லோட் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். டெவ் பேக்கேஜ்கள் ஆய்வகத்துக்கு வேண்டாம், அங்கே யாரும் கம்பைல் செய்யப் போவதில்லை.

ஃபோல்டர் இருக்கும் இடத்தை மட்டும் பின்னால் மாற்றாதீர்கள். பிப்3.12 ஃபைலின் முதல் வரியில் முழுப் பாதை எழுதியிருக்கிறது. மாணவர்கள் உருவாக்கும் வென்வ்களும் (தனித்தனி பைத்தான் சூழல்கள்) அந்தப் பாதையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

நெல்லைச்சீமை | ஞாயிறு, இரவு 11.15

எல்டிடியில் லிப்டிகே8.6, லிப்டிசிஎல்8.6 இரண்டும் வந்தன. அவற்றின் சார்புகளோடு டெப் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து 24 கணினிகளிலும் போட்டேன். காவலர் ஒன்பது மணிக்குப் பூட்ட வந்தார், கெஞ்சிக் கேட்டதும் பத்தரை வரை காத்திருந்தார், அவருக்கு இங்கே ஒரு நன்றி. ஒவ்வொரு கணினியிலும் ஒரே சோதனைதான் செய்தேன்: எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட்3, சிடைப்ஸ், டிகேஇன்டர் நான்கையும் ஒரே வரியில் இறக்குமதி செய்வது, பின் படம் வரையும் டர்டில் மாட்யூலில் ஒரு சதுரம் வரைவது. 24-இலும் சதுரம் வந்தது. பாடத்துக்கு வேண்டிய பேக்கேஜ்களை பிப் டவுன்லோடில் ஒரு ஃபோல்டராக எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் காலையில் அதிலிருந்து நிறுவுகிறேன்.

பழைய_மேக்ஃபைல் அண்ணா, மூன்றாம்_முனையம், நீங்கள் இருவரும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. 7-ஆம் கணினி இப்போது மற்றவை மாதிரியே இருக்கிறது.

அடையாறு_ஆலமரம் | திங்கள், காலை 7.05

வாழ்த்துகள். அடுத்த ஆண்டு ஆய்வகத்தை 24.04-க்கு மாற்றினால் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டியிருக்குமா?

மூன்றாம்_முனையம் | திங்கள், காலை 7.40

3.12-க்காக வேண்டாம், 24.04-இல் வருவதே 3.12தான். அதற்குள் பாடத்திட்டம் 3.13 கேட்டால் இந்த இழையை மேலிருந்து படித்துவிட்டுத் தொடங்கலாம். டெவ் பேக்கேஜ் பெயர்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.